உறுதி இருக்கிறது, உரித்தாளர் எங்கே?



யாழ்ப்பாணத்தில் எமது முன்னோர் தேடிவைத்த கடைக் காணிகளும் வீட்டு வளவுகளும் பல, விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல், வங்கியில் ஈடு வைக்கவும் முடியாமல் கிடக்கின்றன. ஏன் என்று கேட்டால், விலை படியவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. "கையெழுத்து முடியவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். ஒரு நானா புத்தளத்தில். ஒரு ராத்தா நீர்கொழும்பில். சாச்சாவின் பிள்ளைகள் லண்டனில் என்று கேள்வி, விலாசம் தெரியாது. மூத்தவாப்பாவின் பெயரில் உள்ள உறுதியை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இவ்வாரம் சரக்கு, விலை, வரி என்பவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, வம்சத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி, புலம்பெயர்ந்த சொந்தங்களுடன் அதைத் தொடுப்பது எப்படி என்பதைப் பார்ப்போம். இது வீட்டு விசயம் போலத் தோன்றலாம். உண்மையில் இது முதலோடு சம்பந்தப்பட்ட விசயம்.

நாம் சிதறியது எப்படி என்பதை எல்லோரும் அறிவோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே வெளியேற்றப்பட்டனர். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வடமாகாணம் முழுவதிலும் இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. மிகப் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்துக்குச் சென்றனர். மற்றவர்கள் நீர்கொழும்பு, பாணந்துறை, கொழும்பு என்று பிரிந்தனர். பின்னர் பலர் அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயினர். நகையும் பணமும் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், கடைக் கணக்குகள், குடும்பப் படங்கள் எல்லாம் போயின. அன்று இரண்டு தெரு தள்ளி இருந்த உறவு, இன்று இரண்டு கடல் தள்ளி இருக்கிறது.

ஒரு கடைக்கு எத்தனை கையெழுத்து?

கணக்காகவே பார்ப்போம். ஒருவர் விருப்பாவணம் எழுதாமல் மவுத்தாகிறார். மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையில் விருப்பாவணம் இல்லாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் பாகப்பிரிவினை முறைப்படியே போகும். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால், ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் எட்டில் இரண்டு, ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் எட்டில் ஒன்று. ஆக 6 பங்காளிகள், 6 கையெழுத்து.

சில வருடம் கழித்து அந்த ஆண் பிள்ளைகளில் ஒருவர் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டு மவுத்தாகிறார். அந்த நால்வரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. அவரது பங்கு இப்போது அவருடைய தாய், மனைவி, பிள்ளைகளுக்குப் போகிறது. தாய் ஏற்கனவே பங்காளி. ஆகவே கையெழுத்து 10 ஆகிறது. பிறகு தாயும் மவுத்தாகிறார். அவரது பங்கு உயிரோடிருக்கும் மகனுக்கும் மூன்று மகள்மாருக்கும் போகும். கையெழுத்து 9. இந்த ஒன்பது பேரும் ஒரே ஊரில் இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. ஐந்து நாட்டில் இருந்தால் ஐந்து வருடம் போகும். ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் காணி அப்படியே நிற்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த மகன் தகப்பனுக்குப் பின்னர் மவுத்தானதால்தான் அவரது பிள்ளைகளுக்குப் பங்கு வந்தது. தகப்பனுக்கு முன்னரே அவர் மவுத்தாகியிருந்தால், இன்னொரு ஆண் பிள்ளை உயிரோடு இருக்கையில், அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு வராது. ஆகவே யார் பிறந்தார் என்பதைப் போலவே, யார் எந்தத் திகதியில் இறந்தார் என்பதும் பங்கைத் தீர்மானிக்கிறது. 1990க்குப் பின்னர் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் மவுத்தான எத்தனையோ பெரியவர்களின் திகதியை இன்று பிள்ளைகள் "நோன்புக்குக் கிட்ட" என்றும் "மழை காலம்" என்றும்தான் சொல்கிறார்கள். அந்த ஞாபகம் நீதிமன்றத்தில் நிற்காது. இறப்புச் சான்றிதழ்தான் நிற்கும்.

அயர்லாந்துக்காரர் செய்தது

இந்தத் தொல்லை எமக்கு மட்டும் வந்ததல்ல. அயர்லாந்து என்ற சிறிய தீவில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் சுமார் பத்து இலட்சம் பேர் கப்பலேறி அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று போனார்கள். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 80 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை, 1851இல் சுமார் 65 இலட்சமாகக் குறைந்தது.

போதாக்குறைக்கு 1922 ஜூன் 30ஆம் திகதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரிலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1981இல் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை அறிந்த நமக்கு அந்த இழப்பை விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் இன்று அயர்லாந்து வம்சாவளியினர் அமெரிக்காவிலிருந்தபடியே தமது பாட்டன் இருந்த ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். எப்படி? எரிந்த ஏட்டுக்குப் பதிலாக வேறு ஏட்டைப் பிடித்தார்கள். 1847 முதல் 1864 வரை வரி விதிப்பதற்காக யார் எந்தக் காணியை வைத்திருந்தார் என்று அரசாங்கம் எழுதிய ஒரு மதிப்பீட்டு ஏடு இருந்தது. கிரிஃபித் மதிப்பீடு என்று அதற்குப் பெயர். வரிக்காரர் தமது தேவைக்கு எழுதியது, பின்னர் ஒரு சமுதாயத்தின் குடும்ப அட்டவணையாக மாறிவிட்டது. அத்தோடு தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண ஏடுகள் இருந்தன. அவற்றின் படங்களை 2015இல் அயர்லாந்துத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. எரியாமல் தப்பிய 1901, 1911 கணக்கெடுப்புகளும் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன.

இன்னொன்று, எம்மைப் போன்ற வாரப் பத்திரிகைகள் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வெளிவந்த 'பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகை, 1831 முதல் 1921 வரை "காணாமற்போன நண்பர்கள்" என்ற தலைப்பில் விளம்பரங்களைப் போட்டுவந்தது. இன்ன மாவட்டம், இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார், இன்ன வருடம் கப்பலேறியவர், கடைசியாக இன்ன ஊரில் இன்ன வேலையில் இருந்தார், அறிந்தவர்கள் அவரது சகோதரிக்கு அறிவிக்கவும் என்ற பாணியில் பல்லாயிரக்கணக்கான விளம்பரங்கள் வந்தன. அன்று உறவைத் தேடப் போட்ட அந்தச் சிறு விளம்பரங்களே இன்று வம்சம் தேடுவோருக்கு ஆதாரமாகி, பொஸ்ரன் கல்லூரியினால் அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன.

அண்மைக் காலத்தில் அவர்கள் இன்னொரு வேலையும் தொடங்கினார்கள். வழக்கமாக வெளிநாட்டில் இருப்பவர்தான் ஊரைத் தேடி வருவார். இதைத் திருப்பிப் போட்டு, ஊரில் இருப்போரே ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்து, இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள் எங்கே என்று தேடிப்போய் அழைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கல்வே மாவட்டத்தில் தொடங்கிய அது பின்னர் நாடு முழுவதும் பரவியது. 2013ஆம் ஆண்டை வருகைக்குரிய ஆண்டாகவே அறிவித்து உலகெங்கும் உள்ள தமது வம்சத்தவரை வரவழைத்தார்கள். தங்குவிடுதி, வாடகை வாகனம், சாப்பாட்டுக் கடை, கைவினைப் பொருள் என்று ஊர் வியாபாரத்துக்கும் அது உதவிற்று.

எமது வரி ஏடு எது?

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அயர்லாந்துக்காரருக்கு வரி ஏடு உதவியது போல எமக்கும் சில ஏடுகள் உண்டு. எம்மிடம் இருந்த பிரதி போனது உண்மை. அலுவலகங்களில் இருக்கும் பிரதி போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

முதலாவது, பிறப்புச் சான்றிதழ். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 முதல் ஒழுங்காக நடக்கிறது. சுதந்திரத்துக்குப் பின்னரான பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக் கூர்ந்து பாருங்கள். தகப்பன் பெயர், தொழில், தாயின் விவாகத்துக்கு முந்திய பெயர் என்பவற்றோடு, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்பவற்றுக்கும் ஒரு கூடு உண்டு. தகப்பன் இலங்கையில் பிறக்காதிருந்தால் பூட்டனாரின் விபரத்துக்கும் கூடு உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஏற்பாடு அது. நமக்கு அது ஒரு கடுதாசியில் மூன்று தலைமுறை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வந்த வம்சம் என்று வாய்ப்பேச்சாக மட்டும் தெரிந்த குடும்பங்களுக்கு, எந்தத் தலைமுறை இங்கே பிறந்தது என்பது இந்தக் கூடுகளில் தெரியவரும்.

இரண்டாவது, விவாகப் பதிவு. எமது நிக்காஹ் பதிவில் மணமகன், மணமகள் பெயரோடு மணமகளின் வலி யார், அவர் என்ன முறை என்பதும், மஹர், கைக்கூலி விபரமும் எழுதப்படும். பெரும்பாலும் தகப்பன்தான் வலியாக நிற்பார். சகோதரனோ சாச்சாவோ வலியாக நின்றிருந்தால், அந்தத் திகதியில் தகப்பன் உயிரோடு இல்லாதிருக்கலாம் என்று ஒரு துப்புக் கிடைக்கிறது. உடனே இறப்புப் பதிவை அந்த வருடத்துக்கு முன்னால் தேடலாம். ஆனால் பழைய காலத்தில் நிக்காஹ் நடந்தும் பதிவு செய்யாமல் விட்டவர்கள் உண்டு. பதிவு இல்லை என்பதற்காக விவாகம் நடக்கவில்லை என்று முடிவுகட்டி எந்தப் பிள்ளையையும் ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்றாவது, காணி உறுதி. உறுதி எழுதும் நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே உங்களது பிரதி 1990இல் போனாலும், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயரையும் குறிச்சியையும் கொண்டு பதிவேட்டைத் தேடலாம். பழைய ஆட்கள் இதைத் தோம்பு பார்ப்பது என்பார்கள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டுக்கு வழங்கிய பெயர் எமது வாயில் இன்றும் நிற்கிறது.

உறுதியை வாசிக்கத் தெரிய வேண்டும். பலர் பரப்பளவையும் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். எல்லை எழுதியிருக்கும் பகுதியைப் பாருங்கள். கிழக்கு இன்னாருக்குரிய காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னார் மனைவி இன்னாருக்குரிய காணி என்று வரும். எம்மவர்கள் பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்துக் கொடுப்பது வழக்கமாதலால், எல்லையில் இருப்பவர் பல வேளைகளில் சகோதரனோ சகோதரியோதான். அத்தோடு "இன்ன இலக்க நன்கொடை உறுதிப்படி எனக்குரியதான" என்று முந்திய உறுதியையும் அதே எழுத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த இலக்கத்தைப் பிடித்துப் பின்னால் போனால் அதற்கு முந்திய தலைமுறை வரும். வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுவதால், தாய்வழியாகவும் தேட வேண்டும். தகப்பன் பெயரை மட்டும் பிடித்துப் போனால் பாதி வம்சம் விடுபட்டுவிடும்.

நான்காவது, வியாபாரிகளுக்கே உரிய ஏடுகள். மாநகர சபையின் சோலைவரி இடாப்பு எமது கிரிஃபித் மதிப்பீடு. எந்த வருடம் யார் பெயரில் வரி கட்டப்பட்டது என்று அதில் வரும். வியாபாரப் பெயர்ப் பதிவும் உண்டு. பங்காளிகளின் முழுப்பெயரும் வதிவிடமும் அதில் இருக்கும். "அன் சன்ஸ்", "அன் பிரதர்ஸ்" என்று பெயர்ப்பலகை போட்ட கடைகளில் அந்தச் சகோதரர்கள் யார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தேர்தல் இடாப்பு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, பள்ளிவாசல் சந்தாக் கொப்பி, ஜனாஸாக் குறிப்பு என்பனவும் உதவும்.

பெயர்தான் பெரிய வில்லங்கம்

அயர்லாந்துக்காரருக்குக் குடும்பப் பெயர் உண்டு. தகப்பன் பெயரும் மகன் பெயரும் ஒரே பெயரில் முடியும். எமக்கு அப்படி இல்லை. தகப்பன் பெயர் முன்னெழுத்தாக வரும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு அப்துல் காதர் இருப்பார்கள். ஒரே ஆள் ஓர் உறுதியில் முகம்மது என்றும், மற்றதில் முஹம்மது என்றும், ஆங்கிலப் பத்திரத்தில் மூன்று வித எழுத்துக்கூட்டலிலும் இருப்பார். வெளிநாடு போனவர்களின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக மாறி, அவரது பிள்ளைகள் பாட்டன் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்து திரிவார்கள்.

ஆகவே தேடும்போது ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். பெயர், தகப்பன் பெயர், மனைவி பெயர், தொழில், வீட்டுப் பட்டப்பெயர், தெரு என்று ஆறையும் சேர்த்து எழுதுங்கள். பட்டப்பெயரை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து ஓர் ஆளை அடையாளம் காண்பதற்குப் பெரியவர்களுக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும். ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்கலாம். அதற்கும் அடிப்படையாக வேறு ஆவணம் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவரைத் தொடுப்பது

ஆவணத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. இப்போது அவர் எங்கே? இதற்குப் 'பைலட்' பத்திரிகையின் வழியே நல்ல வழி. தேடல் அறிவித்தலில் நான்கு விசயம் இருக்க வேண்டும். 1990க்கு முன் இருந்த தெரு, செய்த தொழில், வெளியேறிய பின் தங்கிய முதல் இடம், கடைசியாகக் கேள்விப்பட்ட நாடு. அதைப் பத்திரிகைக்குக் கொடுங்கள், புத்தளம், நீர்கொழும்புப் பக்கத்துப் பள்ளிவாசல்களில் ஒட்டுங்கள், வெளிநாடுகளில் உள்ள யாழ் முஸ்லிம்களின் வட்ஸ்அப் குழுக்களிலும் போடுங்கள். ஆனால் உறுதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், சான்றிதழின் படம் இவற்றை ஒருபோதும் பொதுவில் போடாதீர்கள். ஆளில்லாத காணியைத் தேடித் திரியும் கள்ள உறுதிக்காரருக்கு நாமே துப்புக் கொடுத்ததாக முடியும்.

எச்சிலைக் கொடுத்து வம்சம் பார்க்கும் மரபணுப் பரிசோதனையையும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இன்று செய்கிறார்கள். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சகோதரர்களை அது காட்டித்தரலாம். ஆனால் எமது பெரியவர்களில் அதைச் செய்தவர்கள் அருமை. அத்தோடு காணிப் பங்குக்கு அது தனியே போதாது. சான்றிதழ்ச் சங்கிலிதான் வேண்டும்.

ஆள் கிடைத்துவிட்டால் அவர் கையெழுத்துக்காக விமானமேறி வரத் தேவையில்லை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவத்தை முறைப்படி சான்றுப்படுத்தி அனுப்பலாம். இங்கே அதைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு விசயத்தில் கவனம் தேவை. தத்துவம் கொடுத்தவர் மவுத்தாகிவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். காணி வாங்குபவர், தத்துவம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று நேரடியாகப் பேசி அறிந்துகொள்வது நல்லது. மற்றது, எல்லா அதிகாரத்தையும் ஒருவர் கையில் கொடுக்காமல், இன்ன காணி, இன்ன வேலை என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

தேடாமல் விட்டால் என்ன?

சிலர் கேட்கலாம், முப்பத்தைந்து வருடம் வராதவரை இனி ஏன் தேட வேண்டும், காணியில் இருப்பவருக்கே சொந்தம் ஆகாதா என்று.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், எவரது தடையுமின்றிப் பத்து வருடம் தொடர்ந்து ஆண்டவர் அதைத் தனது உரிமை என்று கோரலாம். ஆனால் கூட்டுப் பங்காளிகளுக்கிடையில் அது அவ்வளவு இலகுவல்ல. ஒரு பங்காளி காணியில் இருப்பது எல்லாப் பங்காளிகள் சார்பிலும் இருப்பதாகவே கருதப்படும் என்று கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் 1911இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. கடையில் இருந்து வாடகை எடுத்த நானா, வருடம் போனதால் மட்டும் தங்கைமாரின் பங்குக்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார்.

அந்நியர் குடியிருக்கும் காணிகளில் நிலைமை வேறு. போரினால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கருத்திற் கொண்டது. ஆயினும் அந்த நிவாரணமும் காலவரையறைக்கு உட்பட்டது. 2009க்குப் பின்னரான வருடங்களும் ஓடிவிட்டன. ஆகவே இப்படிப்பட்ட காணி உள்ளவர்கள் நாட்கடத்தாமல் ஒரு சட்டத்தரணியிடம் ஆவணங்களுடன் போக வேண்டும்.

பாகப்பிரிவினை வழக்கிலும் இதே ஆபத்து உண்டு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, வழக்கில் பெயர் சொல்லப்படாதவரையும் அது கட்டுப்படுத்தும். தெரியாமல் விடுபட்ட பங்காளி பின்னர் நட்டஈடு கேட்கலாமே தவிர, காணியைப் பெறுவது கடினம். ரொறன்ரோவில் இருக்கும் சாச்சாவின் மகளுக்கு ஊரில் வழக்கு நடப்பதே தெரியாமல் அவரது பங்கு போய்விடலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, தெரிந்தே ஒரு பங்காளியை, குறிப்பாக ஒரு பெண் பிள்ளையை, மறைத்து எழுதிய காணியில் கடை கட்டுவது எந்த வியாபாரிக்கும் பரக்கத்தாகாது.

இன்று செய்யக்கூடியது

ஒரு கொப்பி வாங்குங்கள். கடன் கொப்பிக்குக் கோடு போடுவதுபோல ஐந்து நிரல் போடுங்கள். பெயரும் பட்டப்பெயரும், பிறந்த வருடமும் இடமும், விவாகம், இறந்த திகதியும் இடமும், இப்போது இருக்கும் ஊர். கடைசியில் ஆதாரம் என்று ஆறாவது நிரல் போடுங்கள். சான்றிதழ் இருந்தால் அதன் இலக்கம், இல்லாவிட்டால் சொன்னவர் பெயரும் சொன்ன திகதியும். கேள்விப்பட்டதையும் ஆவணத்தில் கண்டதையும் ஒரே மையில் எழுதாதீர்கள். கேள்வி நீலத்தில், ஆவணம் கறுப்பில் இருக்கட்டும். பேரேட்டில் கைவரவையும் கடனையும் கலந்து எழுதும் கடை எத்தனை நாள் நிற்கும்?

உங்களிலிருந்து தொடங்கி மேலே போங்கள். பாட்டனிலிருந்து தொடங்கிக் கீழே வந்தால் வேறு குடும்பத்தில் போய் முட்டலாம். மூத்தவாப்பாவரை போனபின், அவருடைய சகோதர சகோதரிகளின் பக்கம் கீழே இறங்குங்கள். புலம்பெயர்ந்தவர்கள் கிடைப்பது அந்த இறக்கத்தில்தான். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள், ஒருவர் இலங்கையில், ஒருவர் வெளிநாட்டில். ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்திருந்ததன் விலையை நாம் 1990இல் கொடுத்துவிட்டோம். பழைய மலர்கள், பள்ளிவாசல் பிரசுரங்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் வீட்டில் இருந்தால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்குக் கொடுத்துப் பிரதி எடுக்கச் செய்யலாம். 2005 முதல் ஈழத்து எழுத்துக்களைத் திரட்டிவரும் அங்கே முஸ்லிம்கள் சார்ந்த நூல்களும் இதழ்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னர் பெரியவர்களிடம் போங்கள். 1990இல் நாற்பது வயதில் கடை நடத்தியவர் 2025இல் எழுபத்தைந்தை எட்டிவிட்டார். எந்தத் தெருவில் யார் வீடு, யாருக்கு யார் மருமகன், எந்த நொத்தாரிசிடம் யார் உறுதி முடித்தார் என்பதெல்லாம் அவர்களின் மனதில் இருக்கிறது. காணிப் பதிவகம் அடுத்த வருடமும் திறந்திருக்கும். அவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கொப்பியோடு ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதற் கேள்வியாகக் காணியைக் கேட்காதீர்கள். "அந்த வீட்டில் ஆர் ஆர் இருந்தது?" என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அவரே சொல்வார்.